கல்லில் செதுக்கிய கண்

அந்தப் படத்தை 2023 அக்டோபரில் ஒரு காலைப்பொழுதில், கப்பலின் பதினான்காவது தளத்தில் நின்று எடுத்தேன். மால்டாவின் பெருந்துறைமுகத்துக்குள் எங்கள் கப்பல் மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. சூரியன் எழுந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லால் எழும்பிய கோட்டைச் சுவர்கள், அவற்றின் மேல் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்பது போன்ற வீடுகள், அவற்றுக்கும் மேலே ஒரு தேவாலயத்தின் குவிமாடம், அடியில் சுருக்கம் விழாத நீர். பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல படம் என்றுதான் சொன்னார்கள். பெரிதாக அச்சடித்துக் கூடத்தில் மாட்டு என்று அக்கா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டு முறை அச்சுக்கடை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். ஏன் என்று அவளுக்கு விளக்க முயன்று ஒவ்வொரு முறையும் பாதியிலேயே நின்றுவிடுகிறேன். எழுதினால் முழுவதும் வருகிறதா என்று பார்க்கிறேன்.

ஏழு இரவுப் பயணம் அது. அக்காவும் நானும் மட்டும். மால்டாவில் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை கப்பல் நிற்கும்; ஐந்தரைக்குள் ஏறிவிட வேண்டும். முந்தைய நாள் மாலை, கப்பலின் அரங்கத்தில் கரைச் சுற்றுலாக்களைப் பற்றி ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. கப்பல் ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் போனால், பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் நாமே வந்து சேர வேண்டும் என்று மேடையில் நின்றவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். வராதவர்களின் பாஸ்போர்ட்டை அறையிலிருந்து எடுத்துத் துறைமுக முகவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் கிளம்பிவிடுவது பல கப்பல்களில் வழக்கம். அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. எம்டினா என்னும் பழைய தலைநகருக்குப் போகும் பஸ்ஸில் அவள் பதிவு செய்துகொண்டாள். நான் செய்யவில்லை.

"வழி தெரியாத ஊரில் ஒருத்தியாகப் போகிறாய். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரு" என்றாள்.

"வழி தெரியாமல் இருப்பதற்குத்தான் போகிறேன் அக்கா" என்றேன். அந்தப் பதிலில் எனக்கு அப்போது பெருமை இருந்தது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஊர் காட்டப்படுகிறது, நடந்து போகிறவளுக்கு ஊர் கிடைக்கிறது என்று உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைத்தான் அன்று மாலைக்குள் ஒரு மூதாட்டி, தான் என்ன செய்கிறோம் என்று அறியாமலே, என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாட்களுக்கு முன்பு சிவிட்டாவெக்கியாவில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். கப்பல் அட்டவணையில் அந்த நாளுக்கு நேரே "ரோம்" என்று போட்டிருந்தது. ரோமுக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் இடையே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அட்டவணையில் "பாரிஸ்" என்று இருந்தால் கப்பல் நிற்பது 200 கிலோமீட்டர் தள்ளி லெ ஆவ்ரில். "பாங்காக்" என்றால் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் லாம் சபாங்கில். அன்று நான் ரயில் பிடித்து ரோமுக்கு ஓடினேன். கொலோசியத்தை வெளியிலிருந்து சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பும் ரயிலின் நேரத்தை மனத்துக்குள் எண்ணியபடியே ஒரு நீரூற்றின் முன் நின்றுவிட்டு வந்தேன். திரும்பி வரும்போதுதான், துறைமுகத்துக்குள்ளேயே மைக்கேலாஞ்சலோவின் பெயர் தாங்கிய ஒரு கோட்டை நிற்பதையும், அதன் அடியில் சிலர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்தேன். நாள் முழுவதும் அந்த ஊரை நான் செருப்புக் கழற்றும் இடமாகத்தான் பயன்படுத்தியிருக்கிறேன் என்று பட்டது. அந்த மாலையிலிருந்து ஒரு முடிவில் இருக்கிறேன். கப்பல் எந்த ஊரில் கயிறு கட்டுகிறதோ அந்த ஊரில்தான் இறங்குவது. லிவோர்னோவில் நின்றால் ஃப்ளாரன்ஸுக்கு ஓட மாட்டேன். லிவோர்னோவிலேயே, வெனிசியா நுவோவா என்று பெயர் வைத்த பதினேழாம் நூற்றாண்டுக் கால்வாய்த் தெருக்கள் இருக்கின்றன. ஒரு பகல் அவற்றுக்குப் போதாது.

மால்டாவில் இந்தக் கவலையே இல்லை. கப்பல் நிற்பது தலைநகரின் காலடியில். அக்காலத்தில் மால்டாவை ஆண்ட கிறித்தவப் போர்வீரர்களின் அமைப்பான மாவீரர் சபையின் தலைவர் பின்டோ பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய சரக்குக் கிடங்குகளின் வரிசைதான் இன்றைய கப்பல்துறை. கிடங்குக் கதவுகளுக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள்: மீன் வைத்திருந்த இடத்துக்கு நீலம், காய்கறிக்குப் பச்சை, கோதுமைக்கு மஞ்சள், ஒயினுக்குச் சிவப்பு. அந்தக் கதவுகளைக் கடந்து கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தால் ஒரு லிஃப்ட். 58 மீட்டர் உயரம். 1905-இல் அமைத்த பழைய லிஃப்டை 1983-இல் கழற்றி எடுத்துவிட்டார்கள். கப்பல் பயணிகளின் கூட்டம் பெருகியபின் 2012-இல் புதியது வந்தது. அது நம்மைத் தூக்கிக்கொண்டுபோய் மேல் பராக்கா தோட்டத்தில் விடுகிறது. அன்று காலை எங்கள் கப்பலிலிருந்து தனியாக இறங்கிய அத்தனை பேரும் அந்த லிஃப்டின் முன் வரிசையில் நின்றோம்.

துறைமுகத்தின் நேரம், கப்பலின் நேரம்

வலெட்டாவை நான் விரைவாகவே கடந்துவிட்டேன். ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத தலைநகரம். 1565-இல் ஒட்டோமன் படைகளின் நான்கு மாத முற்றுகையைத் தாங்கி நின்ற மாவீரர் சபை, அடுத்த ஆண்டு மார்ச் மாதம் அடிக்கல் நாட்டி, கட்டம் போட்ட தாள்போல நேர்த்தெருக்களாக எழுப்பிய ஊர். எந்தத் தெருவில் நின்று திரும்பிப் பார்த்தாலும் கடைசியில் ஒரு துண்டு கடல் தெரிகிறது. வீடுகளின் முகப்பில் பச்சையும் சிவப்புமாக மரத்தாலான மூடிய மாடங்கள் தொங்குகின்றன. புனித யோவான் இணைப் பேராலயத்தில் கரவாஜியோ 1608-இல் தீட்டிய, யோவானின் தலை கொய்யப்படும் ஓவியம் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அதுதான். தரையில் வழியும் இரத்தத்தின் ஓரத்தில் பெயரை எழுதியிருக்கிறார். வாசலில் நான்கு குழுக்கள் எண் பலகைகளோடு காத்திருந்தன. நான் நிற்கவில்லை. அதற்கு இன்றும் வருந்துகிறேன். தனியாகப் போகிறவர்கள் கூட்டத்தைக் கண்டதும் விலகி ஓடுவதைச் சுதந்திரம் என்று நினைத்துக்கொள்கிறோம். சில சமயம் கூட்டம் சரியான இடத்தில்தான் நிற்கிறது.

பன்னிரண்டு மணிக்கு மீண்டும் பராக்கா தோட்டத்தில் இருந்தேன். அதன் கீழ்த்தட்டில் பீரங்கி வரிசை ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் காலப் பீரங்கிப் படையினரின் உடையில் சிலர் அணிவகுத்து வந்து, சரியாக உச்சிவேளையில் ஒரு பீரங்கியைச் சுடுவார்கள். வெடிச் சத்தம் எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தது. புறாக்கள் மொத்தமாக எழுந்தன. என்னைச் சுற்றி இருநூறு கைகளாவது உயர்ந்திருந்தன, எல்லாவற்றிலும் போன். இந்தப் பீரங்கி எதற்காகச் சுடப்பட்டது என்பதை அங்கே நின்று கேட்டுத் தெரிந்துகொண்டபோது எனக்குச் சிலிர்த்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் தலைவர்கள் இந்தச் சத்தத்தை வைத்துத்தான் தங்கள் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொண்டார்கள். நடுக்கடலில் தாம் எங்கே இருக்கிறோம் என்று கணக்கிடத் துல்லியமான நேரம் வேண்டும். நேரம் பிசகினால் கணக்கு பிசகும், கப்பல் பாறையில் ஏறும். அந்த நேரத்தை ஊர் கொடுத்தது. கப்பல் வாங்கிக்கொண்டது.

இப்போது தலைகீழாகிவிட்டது. கப்பல் தனக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறது. கரையில் மணி என்னவாக இருந்தாலும் கப்பலின் கடிகாரப்படி வந்து சேருங்கள் என்று ஒவ்வொரு துறைமுகத்திலும் அறிவிக்கிறார்கள். மால்டாவில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஆனாலும் பீரங்கி வெடித்ததும் நான் செய்த முதல் காரியம், ஐந்தரைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டது. ஐந்தரை மணி நேரம். ஊரின் உச்சிவேளையைக் கேட்டுக்கொண்டே கப்பலின் மாலையில் நின்றுகொண்டிருந்தேன்.

தோட்டத்தின் விளிம்பிலிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரிகிறது. எதிரே விரல்களைப்போல நீருக்குள் நீளும் நிலத்துண்டுகள்: பிர்கு, செங்லியா. அவற்றின் பின்னால் போர்ம்லா. வலெட்டாவைவிட மூத்த ஊர்கள் அவை என்று பிர்குவைச் சுட்டி ஒருவர் தன் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வலப்புறம் கீழே எங்கள் கப்பல். அங்கிருந்து அதன் பின்புறமும் புகைபோக்கியும்தான் தெரிந்தன. எனக்கு முழுக் கப்பலையும் பக்கவாட்டில், அந்தக் கோட்டைச் சுவரின் பின்னணியில் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. செங்லியாவின் முனையில் நின்றால் சரியாக நேர் எதிரே இருக்கும். கீழே இறங்கிப் படகுத்துறைக்குப் போனேன்.

முனையில் உட்கார்ந்திருந்தவர்

துறைமுகத்தின் குறுக்கே ஆட்களை ஏற்றிச் செல்லும் சிறு படகுகளை டைசா என்கிறார்கள். முன்னும் பின்னும் கூர்மையாக உயர்ந்த மரப்படகு, விளிம்பெல்லாம் சிவப்பும் மஞ்சளும் நீலமும். ஒரு காலத்தில் நின்றபடி துடுப்பு வலித்தார்கள். இப்போது பெரும்பாலானவற்றில் மோட்டார் இருக்கிறது. இரண்டு யூரோ கொடுத்தேன். படகோட்டி பேசவில்லை. நீர்மட்டத்தில் உட்கார்ந்து எங்கள் கப்பலைப் பார்த்தது அப்போதுதான் முதல் முறை. அதன் உடலில் பதினான்கு அடுக்கு வீடுகள் இருப்பதை அறிந்தவள்தான் நான். ஆனாலும் கீழிருந்து பார்த்தபோது மனிதர்கள் இருக்கும் இடமாக அது தோன்றவில்லை. வெள்ளையாக ஒரு மலைச்சரிவு.

செங்லியாவின் முனையில் ஒரு சிறு தோட்டம். அதன் விளிம்பில், நீருக்கு மேலே தொங்குவதுபோல ஒரு கல் காவல்மாடம். கார்டியோலா என்று அதற்குப் பெயர். அதன் முகங்களில் ஒரு கண்ணைச் செதுக்கியிருக்கிறார்கள், ஒரு காதைச் செதுக்கியிருக்கிறார்கள், ஒரு கொக்கையும் செதுக்கியிருக்கிறார்கள். உறங்காமல் காவல் நிற்கும் பறவை என்று கொக்குக்கு ஐரோப்பியர் மரபில் பெயர். துறைமுகத்துக்குள் வரும் ஒவ்வொன்றையும் இந்த ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது, கேட்டுக்கொண்டிருக்கிறது என்று வருகிறவர்களுக்குச் சொல்வதற்காக வைத்த கல். அந்தக் கண்ணுக்கு இமை உண்டு. மூடாத இமை. அதன் கீழே நின்று எங்கள் கப்பலைப் பதினொரு படங்கள் எடுத்தேன்.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். எண்பது வயது இருக்கலாம். மடியில் ஒரு காகிதப் பொட்டலம். அதிலிருந்து பஸ்டிட்சி ஒன்றை, பாலாடைக் கட்டி வைத்து மொறுமொறுப்பாகச் சுட்ட அந்த ஊர்ப் பலகாரத்தை, எனக்கு நீட்டினார். உட்கார்ந்தேன். ஆங்கிலம் நன்றாகப் பேசினார். இடையிடையே "மெலா" என்று ஒரு சொல் வரும். சரி, அப்படியானால், ஆமாம், அப்புறம் என்று எல்லா இடத்துக்கும் அந்த ஒரு சொல்லையே அங்கே பயன்படுத்துகிறார்கள். அரபு மொழியின் கிளையாகப் பிறந்து இலத்தீன் எழுத்தில் எழுதப்படும் மொழி அவர்களுடையது.

"மெலா, நீ அந்த வாபூரிலிருந்து வந்தவளா?" என்று கேட்டார். வாபூர் என்றால் கப்பல்.

"ஆமாம்."

"உங்கள் ஆட்கள் எல்லாரும் லிஃப்டில் ஏறி மேலே போவார்கள். மிச்சம் பேர் பஸ்ஸில் போவார்கள். நீ ஏன் இந்தப் பக்கம் வந்தாய்?"

ஊரைப் பார்க்க என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முதிய முகத்துக்கு முன்னால் அது வெளியே வரவில்லை. செங்லியாவின் ஒரு தெருவைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. படகிலிருந்து இறங்கிக் கரையோரமாக நேராக இந்த முனைக்கு வந்திருந்தேன்.

"என் கப்பலைப் படம் எடுக்க வந்தேன்" என்றேன்.

சொன்னபிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. பஸ்ஸை மறுத்து, அக்காவைத் தனியாக அனுப்பி, கடிகாரத்தோடு மல்லுக்கட்டி, கடல் தாண்டி, கப்பலிலிருந்து எவ்வளவு விலகி வரமுடியுமோ அவ்வளவு விலகி வந்து, நான் பார்க்க வந்தது கப்பலைத்தான். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "காட்டு" என்று கை நீட்டினார். பதினொரு படங்களையும் பார்த்தார். விரல் தானாக இன்னும் பின்னால் தள்ளிக்கொண்டு போயிற்று. மதியப் பீரங்கி, வலெட்டாவின் மாடங்கள், வண்ணக் கதவுகள் எல்லாம் கடந்து காலையில் எடுத்த அந்தப் படத்தில் நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, போனை முகத்துக்கு மிக அருகே கொண்டுபோனார். பெரிதாக்கிக் காட்டினேன். குவிமாடத்துக்குச் சற்று இடப்புறம், மொட்டை மாடிகளுக்கு நடுவே நான்கு வெள்ளைப் புள்ளிகள்.

"இது என் மாடி. இவை என் படுக்கை விரிப்புகள்" என்றார்.

கப்பல் வரும் நாளில் விடிவதற்கு முன்பே துணிகளை உலர்த்திவிட்டு வெயில் ஏறியதும் எடுத்துவிடுவாராம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் புகைபோக்கியின் கரி துணியில் படியும். "உங்கள் வாபூர் உள்ளே வரும்போது நான் மாடியில்தான் நின்றிருந்தேன். மேலே வரிசையாக எத்தனை பேர்! எல்லாரும் கையை உயர்த்தியிருந்தீர்கள். எனக்குக் கண் முன்போலத் தெளிவில்லை. ஆனால் கைகள் தெரிந்தன. நானும் கையை உயர்த்தி அசைத்தேன்."

படத்தை இன்னும் பெரிதாக்கினேன். வெள்ளைப் புள்ளிகள் சதுரங்களாகச் சிதறின. அவற்றின் பக்கத்தில் ஆள் இருப்பதாகச் சொல்ல எதுவும் இல்லை.

நாங்கள் கையசைக்கவில்லை. அத்தனை கைகளிலும் இருந்தது போன். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் தெரியவில்லை. "பார்த்தாயா?" என்று கேட்டார். "பார்த்தேன்" என்றேன். விரிப்புகளைப் பார்த்ததாகத்தான் அந்தச் சொல்லுக்கு நான் எனக்குள் பொருள் கொடுத்துக்கொண்டேன்.

கப்பலுக்காக நின்றவர்கள்

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்தேன். அவர்தான் பேசினார். அவருடைய கணவர் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இறந்தவர். மூதாட்டி போர்க்காலத்தில் பிறந்தவர். அம்மா சொல்லக் கேட்டதைச் சொன்னார். 1941 ஜனவரியில் இல்லஸ்ட்ரியஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அடிபட்டு வந்து செங்லியாவின் ஓரத்தில் நின்றது. அதைக் குறிவைத்து விழுந்த குண்டுகளில் செங்லியா இடிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தேவாலயமும் அப்போது போயிற்று. இன்று நிற்பது போருக்குப் பின் மீண்டும் எழுப்பியது. மக்கள் பாறையைக் குடைந்த பதுங்கிடங்களில் மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு கோடையில் ரொட்டியும் எண்ணெயும் தீரும் நிலைக்கு வந்தபோது, பதினான்கு சரக்குக் கப்பல்கள் காவலோடு தீவை நோக்கிப் புறப்பட்டன. ஐந்துதான் வந்து சேர்ந்தன. கடைசியாக வந்தது ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல். முதுகு உடைந்து, மூழ்கிவிடாமல் இருக்க இருபுறமும் போர்க்கப்பல்களோடு சேர்த்துக் கட்டப்பட்டு, 1942 ஆகஸ்ட் 15 அன்று, மரியன்னையின் விண்ணேற்பு விழா நாளில், துறைமுகத்துக்குள் இழுத்து வரப்பட்டது. மால்டாவில் இன்றும் அதை சாந்தா மரியா கப்பல் அணி என்றுதான் சொல்கிறார்கள்.

"அம்மா இந்தக் கரையில்தான் நின்றாளாம். ஊரே நின்றதாம். அழுதார்களாம், கையசைத்தார்களாம். கப்பலில் இருந்தவர்களும் அசைத்தார்களாம்" என்றார்.

ஒரு கப்பல் வந்து நின்றதால் இடிந்த ஊர், இன்னொரு கப்பல் வந்து சேர்ந்ததால் பிழைத்த ஊர். அங்கே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு, துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலைக் கண்டதும் கை தானாக உயர்வதில் வியப்பு என்ன இருக்கிறது? அது சுற்றுலாப் பயணிக்குக் காட்டும் உபசாரம் என்று நான் நினைக்கவில்லை. அது மூன்று தலைமுறைப் பழக்கம். அந்தப் பழக்கத்தின் மறுமுனையில், அன்று காலை, நாங்கள் நின்றோம்.

கப்பல்களால் துறைமுக ஊர்களுக்கு நேரும் இடைஞ்சலைப் பற்றிப் பல ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் வெனிஸின் ஜூடெக்கா கால்வாய் வழியாகப் போகக் கூடாது என்று இத்தாலி தடை போட்டது. டுப்ரோவ்னிக் நகரம் ஒரே நேரத்தில் வரும் கப்பல்களுக்கும் பயணிகளுக்கும் வரம்பு வைத்தது. இவற்றையெல்லாம் படித்திருக்கிறேன், நியாயம் என்றும் நினைத்திருக்கிறேன். ஆனால் அந்த விவாதங்களில் நான் எப்போதும் என்னை வெளியே நிறுத்திக்கொண்டேன். கூட்டம் என்றால் பஸ்ஸில் போகிறவர்கள். நான் நடந்து போகிறவள். கரி படிந்த விரிப்புகளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. கப்பல் துறையில் நின்றாலும் அதன் இயந்திரங்கள் நிற்பதில்லை. ஆயிரக்கணக்கானவர்களின் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் சமையலுக்கும் மின்சாரம் வேண்டும், அதற்கு எண்ணெய் எரிய வேண்டும். நான் கரையில் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அக்கறையோடு நடந்தாலும், எதிர்க்கரையில் என் அறையின் குளிர்சாதனத்துக்காகவும் சேர்த்துத்தான் அந்தப் புகைபோக்கி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மறு ஆண்டு, 2024-இல், அந்தத் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கரையிலிருந்தே மின்சாரம் கொடுக்கும் வசதி தொடங்கப்பட்டதாகப் படித்தேன். நின்றிருக்கும் கப்பல் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கரை மின்சாரத்தில் இயங்கலாம். படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது நான்கு விரிப்புகள்தான். அவர் இப்போது வெயில் ஏறும்வரை துணியை விட்டுவைக்கிறாரா என்று கேட்க வழியில்லை. பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

நான்கு மணிக்கு எழுந்தேன். "சஹ்ஹா" என்றார். விடைபெறும்போது சொல்லும் சொல்; உடல்நலம் என்று பொருள். படகில் ஏறாமல் செங்லியாவின் நடுத்தெரு வழியாக, போர்ம்லாவையும் பிர்குவின் ஓரத்தையும் சுற்றி நடந்தேன். 1565-இல் செங்லியாவுக்கும் பிர்குவுக்கும் இடையே, எதிரிக் கப்பல்கள் உள்ளே வராமல் ஒரு பெரும் சங்கிலியைக் கட்டியிருந்தார்களாம். அந்த நீரில் இப்போது பாய்மரப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. வீட்டு வாசல்களில் கதவுத் தட்டிகள் வெண்கல மீன்களாக இருந்தன. ஒரு சிறுவன் பந்தைத் தவறவிட்டான், நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு படமும் எடுக்கவில்லை. அன்று அந்த ஊரில் நான் இருந்தது அந்த முக்கால் மணி நேரம்தான் என்று சொல்வேன். பிர்குவில் படகு பிடித்துக் கப்பலை அடைந்தபோது ஐந்தேகால்.

அக்கா முன்பே வந்து, கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். எம்டினாவில் வண்டிச் சத்தமே இல்லையாம். வழிகாட்டிப் பெண்ணின் பாட்டி அங்கே ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை செய்தவராம். அந்த வீட்டு அடுப்படியில் தன் தாய்க்குப் பிரசவமான கதையை அந்தப் பெண் பஸ்ஸில் சொன்னதாக அக்கா கண் கலங்கச் சொன்னாள். பஸ்ஸில் போனவளுக்கு ஊர் கிடைத்திருந்தது. எனக்கு அவள்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆறு மணிக்குக் கயிறுகளை அவிழ்த்தார்கள். இருவரும் பதினான்காவது தளத்துக்குப் போனோம். மாலை வெயில் சுவர்களின் மேல் சாய்ந்திருந்தது. அந்தக் கல் அந்த நேரத்தில் உள்ளிருந்து எரிவதுபோல இருக்கும் என்று கேட்டிருக்கிறேன், அப்படித்தான் இருந்தது. கப்பல் மெல்லத் திரும்பிச் செங்லியாவின் முனையை நெருங்கியது. காவல்மாடத்தில் கண் இருக்கும் முகம் எங்கள் பக்கம் வந்தது. தேவாலயத்தின் குவிமாடத்தைக் கண்டுபிடித்தேன். அதற்குச் சற்று இடப்புறம் என்று எண்ணி மாடிகளைத் தேடினேன். நாங்கள் இப்போது எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தோம், இடமும் வலமும் குழம்பியது. தண்ணீர்த் தொட்டிகள், கம்பிகள், வெற்றுக் கயிறுகள். விரிப்புகள் இல்லாத மாடிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"யாரைத் தேடுகிறாய்?" என்றாள் அக்கா.

"ஒரு வீட்டை."

எந்த வீடு என்று அவள் கேட்டதற்கு என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. எங்கள் இருபுறமும் கம்பியோரமாக மக்கள் நெருக்கி நின்றார்கள். கல்லின் நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட எல்லாரும் கைகளை உயர்த்தியிருந்தார்கள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, எந்த மாடி என்று தெரியாமலே நானும் கையை உயர்த்தி அசைத்தேன். முனை கடந்து போகும்வரை அசைத்தேன். அங்கே யாராவது நின்று பார்த்திருந்தால், அத்தனை கைகளுக்கு நடுவே என் கை மட்டும் வெறுங்கை என்று அவருக்குத் தெரிந்திருக்காது.